கோரைப் பாய்க்குப் பேரம், கட்டிலுக்கு வட்டி

 

சென்ற ஷஅபான் மாதத்தில் எங்கள் மஹல்லாவில் ஒரு திருமணம் நடைபெற்றது. மணமகளின் தந்தை பெரும் செல்வந்தர் அல்லர், மாதச் சம்பளக்காரர். திருமணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன் நகரத்துக் கடையொன்றிலிருந்து வண்டி வந்து நின்றது. கட்டில், மெத்தை, பீரோ, டிரஸ்ஸிங் டேபிள், சோபா என ஒவ்வொன்றாக இறங்கின. அனைத்தும் இரண்டாண்டுத் தவணைக்கு வாங்கப்பட்டவை. தவணையில் வட்டியும் உண்டு. அந்தப் பத்திரத்தில் கையொப்பமிட்டபோது அவர் ஒரு ரூபாயும் குறைத்துக் கேட்கவில்லை. கேட்டாலும் குறைக்க மாட்டார்கள் என்பதை அவர் அறிவார்.

அதே வாரத்தில் பத்தமடையிலிருந்து திருமணப் பாயும் வந்தது. மணமக்களின் பெயர்களும் திருமண நாளும் ஊடாக நெய்யப்பட்ட பட்டுப் பாய். அதை நெய்த பெண்மணியே பேருந்தில் கொண்டுவந்திருந்தார். அவருடைய மகன் எங்கள் மதரஸாவில் தங்கி என்னிடம் ஓதுகிறான். பாயை விரித்துப் பார்த்து எல்லோரும் வியந்தனர். பின்பு பேரம் தொடங்கியது. "நம்ம புள்ள கல்யாணம்தானே, ஐநூறு குறைச்சுக்கோங்க" என்றார் மணமகளின் தந்தை. அப்பெண்மணி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சரி என்றார். சரி என்னாமல் வேறு என்ன செய்வார்? பிறர் பெயர் நெய்த பாயை அவர் யாரிடம் கொண்டுபோய் விற்பார்?

அந்தக் கூடத்தில் நானும் அமர்ந்திருந்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்த மௌனத்துக்கு நான் செய்துகொள்ளும் தவ்பாவின் ஒரு பகுதி.

நான் சொல்ல வருவது இதுதான். வீட்டுக்குப் பொருள் வாங்குவதை நாம் இரசனை, வசதி, பணம் ஆகியவை சார்ந்த செயலாக மட்டுமே கருதுகிறோம். அது யாருடைய உரிமையை யாருக்குக் கொடுக்கிறோம் என்னும் தீன் சார்ந்த செயலும் ஆகும். வலியவன் கேட்ட விலையை வட்டியோடு கொடுத்துவிட்டு, எளியவள் கேட்ட விலையில் கை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்குச் செய்த உபதேசத்தைத் திருக்குர்ஆன் 7-ஆம் அத்தியாயத்தின் 85-ஆம் வசனத்தில் எடுத்துரைக்கிறது. அளவையும் நிறுவையையும் நிறைவாக்கச் சொன்னதோடு அவர்கள் நிறுத்தவில்லை; மக்களுக்குரிய பொருள்களின் மதிப்பைக் குறைக்க வேண்டாம் என்றும் தடுத்தார்கள். தராசில் கள்ளம் செய்பவன் விற்பவன். மதிப்பைக் குறைப்பவன் வாங்குபவனாகவும் இருக்கலாம். இந்த இரண்டாம் பகுதியை நாம் மிம்பர்களில் போதுமான அளவு பேசுவதில்லை.

ஒரு பாயில் அடங்கியிருப்பது

பேரம் பேசுமுன் நாம் எதற்குப் பேரம் பேசுகிறோம் என்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

பச்சைக் கோரையை அறுத்து, வகிர்ந்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். பின்பு அதைக் கட்டுகளாகக் கட்டி ஓடும் நீரில் பல நாட்கள் ஊறவைக்கிறார்கள். ஊறிய கோரையை மீண்டும் உலர்த்திச் சாயமேற்றுகிறார்கள். கோரையை எவ்வளவு மெல்லியதாக வகிர்கிறார்களோ அவ்வளவு நயமாகப் பாய் அமையும். தரையோடு தாழ்ந்த தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வோர் இழைக் கோரையையும் குச்சியால் ஊடாகச் செலுத்தி, அச்சுக்கட்டையால் நெருக்குகிறார்கள். சாதாரணப் பாயை ஓரிரு நாட்களில் முடித்துவிடலாம். பட்டுப் பாய்க்கு வாரக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும். துணிபோல் மடியும் அந்தப் பாயின் மென்மைக்கு விலையாகச் செலவாவது நெய்பவரின் கண்ணும் முதுகும்.

பத்தமடையில் இந்தக் கைத்தொழிலைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். இன்று தறியில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஆனால் குறியீடு கோரைக்கு வந்தது, கூலிக்கு வரவில்லை. விசைத்தறியில் நெய்த பாயும் பத்தமடை என்ற பெயரிலேயே கடைகளில் தொங்குகிறது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று இறைத்தூதர் (ஸல்) அவர்கள் தானியக் குவியலில் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது எச்சரித்துவிட்டார்கள் (நூல்: முஸ்லிம்). பெயரை விற்று நெய்தவளை மறைக்கும் வியாபாரிகளில் நம் சமுதாயத்தவரும் இருக்கின்றனர் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பள்ளிவாசலில் நாங்கள் செய்த தவறு

வீட்டுக்காரரை மட்டும் குறை கூறிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிவாசலில் பழைய கோரைப் பாய்களை மாற்றுவது குறித்து மஷூரா நடந்தது. அதில் என்னையும் அழைத்திருந்தார்கள். உளூச் செய்த ஈரக் காலோடு வருவதால் பாய்கள் கறுத்துவிடுகின்றன, ஓரம் பிரிகின்றன, வெயிலில் போட்டு எடுக்க ஆள் இல்லை என்று நிர்வாகிகள் சொன்னார்கள். அவை பொய்யான காரணங்கள் அல்ல. அரை மணி நேரத்தில் பிளாஸ்டிக் பாய் என்று முடிவாயிற்று. வெயிலில் போட்டு எடுக்க ஓர் ஏழைக்கு மாதக் கூலி கொடுக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில் பயன்படுத்திப் பயன்படுத்திக் கறுத்துப்போன ஒரு பாய் இருந்தது. அனஸ் அதன்மீது நீர் தெளிக்க, அதில் நின்று இறைத்தூதர் (ஸல்) அவர்கள் தொழுவித்தார்கள் (நூல்: புகாரி). பாய் கறுப்பது தூக்கியெறிவதற்குக் காரணமாக அங்கு இருக்கவில்லை. பேரீச்ச ஓலையால் முடைந்த சிறு விரிப்பில் அவர்கள் தொழுததை அன்னை மைமூனா (ரலி) அறிவிக்கிறார்கள். பாயில் படுத்ததால் அவர்களின் விலாவில் பதிந்திருந்த தழும்பைக் கண்டு உமர் (ரலி) அழுததும் புகாரியில் உண்டு. இந்த ஹதீஸ்களைப் பயான் செய்யும்போது நம் கண்கள் கலங்குகின்றன. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் அமர்வது பிளாஸ்டிக் மீது.

அதே மஸ்ஜிதுந் நபவீயில் மிம்பர் எப்படி வந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இறைத்தூதர் (ஸல்) அவர்கள் ஒரு பெண்மணிக்கு ஆளனுப்பி, அவரிடமிருந்த தச்சுத் தொழில் தெரிந்த பணியாளரைக் கொண்டு தாம் அமர்ந்து பேசுவதற்கு மரத்தாலான மிம்பரைச் செய்து தருமாறு கேட்டார்கள். ஃகாபா வனப் பகுதியின் மரத்தால் அது செய்யப்பட்டது. ஸஹ்ல் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. இந்த உம்மத்தின் மிகச் சிறப்புக்குரிய மரச்சாமான், உள்ளூர்ப் பெண் ஒருவர் வழியாக, உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம், இன்னதற்கு வேண்டும் என்று சொல்லிச் செய்வித்த பொருள். நம் பள்ளிவாசல்களின் நிர்வாகங்கள் இந்தச் சுன்னத்தை எந்த ஏட்டில் மறந்து வைத்தன?

மறுப்போருக்கு மறுமொழி

இதைப் பேசும்போதெல்லாம் சில மறுப்புகள் எழுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "பேரம் பேசுவது ஹலால்தானே?" ஆம், ஹலால்தான். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை இறைத்தூதர் (ஸல்) அவர்களே விலைபேசினார்கள். ஆனால் அந்த ஹதீஸைப் பாதியில் நிறுத்திவிடுவது நேர்மையன்று. மதீனா வந்து சேர்ந்ததும் பேசிய விலையைச் சற்றுக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுக்கச் செய்தார்கள். ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேரத்தைச் சுன்னத்தாகக் காட்டுபவர் அந்தக் கூடுதலையும் சுன்னத்தாகக் காட்டட்டும். விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மையோடு நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டி அவர்கள் துஆ செய்திருக்கிறார்கள் (நூல்: புகாரி). இருவரும் மறுக்க இயன்ற நிலையில் நடப்பதுதான் பேரம். ஒருவர் மறுக்கவே இயலாத நிலையில், திரும்பிச் செல்லப் பேருந்துக் கட்டணத்தை எண்ணிக்கொண்டு நிற்கும் நிலையில் நடப்பதைப் பேரம் என்று அழைக்க என் நா எழவில்லை.

இரண்டாவது: "கைவினைப் பொருள் விலை அதிகம், நடுத்தர வர்க்கத்துக்குக் கட்டாது." என் திருமணம் நடந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வந்த கட்டிலின் பலகை மழைக்காலத்து ஈரத்தில் உப்பிப் பிளந்து, அதைப் பழைய சாமான்காரர் எடுத்துச் சென்று பல ஆண்டுகளாகிவிட்டன. அப்போது வந்த பத்தமடைப் பாயில்தான் என் வாப்பா நோயுற்றிருந்த கடைசிக் கோடையில் படுத்திருந்தார். வெப்ப நாட்களில் மெத்தையைவிட அதுவே அவருக்கு இதமாக இருந்தது. அந்தப் பாய் இன்றும் என் வீட்டில் இருக்கிறது. எது விலை அதிகம்?

மேலும், நாம் விலை அதிகம் என்று சொல்வது உண்மையில் விலையைப் பற்றியதன்று. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் இறைத்தூதர் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: முஸ்லிம்). அந்தச் சாபத்துக்குள் நுழைந்து சோபா வாங்கப் பணம் இருக்கிறது. ஹலாலான பாய்க்கு ஐநூறு ரூபாய் இல்லை. "வட்டியில்லாத் தவணை" என்னும் விளம்பரத்தைக் காட்டிச் சிலர் வாதிடுவர். அந்தப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டு வாதிடுங்கள். தவணை தவறினால் ஏறும் அபராதம், நடைமுறைக் கட்டணம் என்ற பெயரில் கழிக்கப்படும் தொகை ஆகியவற்றை உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டி ஃபத்வா கேளுங்கள்.

ஒரு படுக்கை கணவனுக்கு, ஒன்று மனைவிக்கு, மூன்றாவது விருந்தாளிக்கு, நான்காவதோ ஷைத்தானுக்கு என்ற கருத்தில் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. தேவைக்கு மேற்பட்டதையே அது கண்டிக்கிறது. நம் வீடுகளில் யாரும் உட்காராத சோபாக்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒன்றை விட்டால் நெய்பவருக்கும் தச்சருக்கும் குயவருக்கும் அவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தும் பணம் மிஞ்சும்.

மூன்றாவது: "எல்லோரும் தரையில் உட்கார வேண்டும் என்கிறீர்களா?" இல்லை. மூட்டு வலியால் வருந்தும் பெரியவர்களுக்கு நாற்காலி தேவை. அதை யாரும் மறுக்கவில்லை. இரும்புக் கால்கள் கொண்டதாகத் தோன்றிய நாற்காலி ஒன்றில் அமர்ந்து இறைத்தூதர் (ஸல்) அவர்கள் தமக்கு மார்க்கம் கற்பித்ததை அபூ ரிஃபாஆ (ரலி) அறிவித்திருக்கிறார்கள் (நூல்: முஸ்லிம்). என் கேள்வி நாற்காலி கூடுமா என்பதன்று. அந்த நாற்காலியை யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதே. உங்கள் தெருமுனையில் மரம் இழைக்கும் தச்சர் அளவெடுத்து உறுதியான நாற்காலி செய்து தருவார். கால் ஆடினால் அவரே வந்து ஆப்பு அடிப்பார். பெரிய கடையின் நாற்காலி உடைந்தால் நீங்கள் தொலைபேசியில் எண்களை அழுத்திக்கொண்டிருப்பீர்கள்.

நான்காவது மறுப்பு என்னை மிகவும் வருத்துவது: "அவர்களுக்கு ரமளானில் ஜகாத் கொடுக்கிறோமே!" ஷஅபானில் அவருடைய விலையில் கை வைத்து, ரமளானில் அவர் வீட்டு வாசலில் அரிசிப் பையை வைக்கிறோம். முதலில் எடுத்தது அவருடைய ஹக்கு. பிறகு கொடுப்பதை நம் தயாளம் என்கிறோம். அரிசிப் பையோடு புகைப்படமும் எடுக்கிறோம். ஜகாத் கடமை, அதற்கு உரியவருக்கு அது சென்றே தீர வேண்டும். ஆனால் அது விலைக்கு ஈடாகாது. கூலியில் குறைத்ததை ஜகாத் கணக்கில் நேர் செய்துகொள்ள மார்க்கத்தில் வழியில்லை.

இங்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். அன்ஸாரிகளில் ஓர் ஏழை யாசகம் கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று இறைத்தூதர் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு முரட்டு விரிப்பும், நீர் அருந்தும் ஒரு பாத்திரமும் இருப்பதாகச் சொன்னார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் கையில் எடுத்து, யார் வாங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அத்துடன் கொடுத்துவிடவில்லை, அதைவிட அதிகமாகத் தருபவர் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் குடும்பத்துக்கு உணவும் மற்றதில் ஒரு கோடரியும் வாங்கச் சொல்லி, கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து விறகு வெட்ட அனுப்பினார்கள் (நூல்: அபூதாவூத்).

இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று கூறும் அறிஞர்கள் இருக்கின்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். எனினும் தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும், தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்றும் கூறும் ஹதீஸ் புகாரியில் உறுதியாக இருக்கிறது. ஏழையின் வீட்டுப் பொருள் சபைக்கு வந்தபோது அங்கு எழுந்த குரல் "இன்னும் அதிகம் யார் தருவார்?" என்பது. நம் கூடங்களில் எழும் குரல் "இன்னும் எவ்வளவு குறைப்பாய்?" என்பது. இந்த இரண்டு குரல்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் நாம் சுன்னத்திலிருந்து விலகி வந்த தூரம்.

நம்மவர் என்ற சொல்லின் எல்லை

இன்னொரு கூட்டத்தார் வேறு திசையில் தவறுகிறார்கள். "ஆம் ஹஜ்ரத், இனி முஸ்லிம் கடையில் மட்டுமே வாங்குவோம்" என்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அதை ஏற்கவும் மாட்டேன். நம் வியாபாரிகளிடம் வாங்காதீர்கள் என்று பிறர் பிரசாரம் செய்யும்போது அதன் வலி நமக்குத் தெரியும். அந்த நோயையே நாம் மருந்தாக அருந்தலாமா? இறைத்தூதர் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களின் கவசம், குடும்பத்துக்காக வாங்கிய வாற்கோதுமைக்கு ஈடாக ஒரு யூதரிடம் அடைமானமாக இருந்தது (நூல்: புகாரி). அண்டை வீட்டாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில் அவர்கள் மார்க்கத்தைத் தடையாக்கவில்லை.

நெல்லைச் சீமையைப் பாருங்கள். பத்தமடையில் பாய் நெய்யும் முஸ்லிம் பெண்கள். அதே வட்டாரத்தில் காருகுறிச்சியில் சக்கரம் சுற்றும் குயவர்கள். கிழக்கே கடற்கரையில் மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி முடையும் கிறிஸ்தவப் பெண்கள். விரிக்கும் பாயும், நீர் குளிரும் பானையும், பொருள் வைக்கும் பெட்டியும் மூன்று சமயத்தாரின் கைகளிலிருந்து வந்து ஒரே வீட்டுக்குள் கூடிய காலம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரர் நல்லிணக்க மாநாடு எதற்கும் சென்றவர் அல்லர். சந்தைக்குச் சென்றவர், அவ்வளவே. சிறு கைவினைஞர் என்பவர் யாராயினும், அவருடைய கூலியை முழுமையாகக் கொடுப்பதே நம் கடமை. அருகில் இருக்கும் எளியவருக்கு முன்னுரிமை கொடுங்கள். அவர் முஸ்லிமா இல்லையா என்று பார்த்துக் கூலியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

ஷரீஅத் திறந்து வைத்த வாசல்

அந்தப் பெண்மணியின் மூத்த மகள் தறியை விட்டுவிட்டாள், பீடி சுற்றுகிறாள். ஏன் என்று கேட்டேன். "பீடிக்கு வாரா வாரம் கணக்கு முடிக்கிறாங்க ஹஜ்ரத். பாய்க்குக் காசு எப்ப வரும்னு தெரியாது" என்றார் தாய். புகையிலைத் தூசி நெஞ்சுக்குக் கேடு என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வாரக் கூலி வாரத்தில் வருகிறது. வியாபாரியோ கோரைக்கும் நூலுக்கும் முன்பணம் கொடுத்து, அந்தக் கடனைக் கொண்டே பாயின் விலையை அவர் சொல்லும் அளவில் நிறுத்துகிறார். திருமண வீட்டாரோ பாயை வாங்கி வைத்துக்கொண்டு "விருந்து முடியட்டும்" என்கிறார்கள். வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி இப்னு மாஜாவில் வருவதை மே தினத்தன்று மேடைகளில் முழங்குகிறோம். கோரை உலர்ந்து, பாய் நெய்து, விருந்தும் முடிந்த பிறகும் கூலி வரவில்லையே!

இதற்கு ஃபிக்ஹில் தீர்வு இருக்கிறது. இறைத்தூதர் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் பேரீச்சம் பழத்துக்கு முன்கூட்டியே விலை கொடுத்து, பின்னர் பழத்தைப் பெற்றுக்கொண்டிருந்தனர். அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டதாக இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு அதை அனுமதித்தார்கள் (நூல்: புகாரி). இதுவே ஸலம் என்னும் ஒப்பந்தம். இதில் வாங்குபவர் ஒப்பந்தம் செய்யும்போதே முழு விலையையும் கொடுத்துவிடுவார். சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு ஹனஃபீ மத்ஹபில் இஸ்திஸ்னா என்ற ஒப்பந்தமும் உண்டு. அதில் விலையை முன்னதாகவோ பகுதி பகுதியாகவோ கொடுக்கலாம். சிறு தொழில் செய்பவர் வட்டிக்காரரிடமும் முன்பணம் கொடுத்து அமுக்கும் வியாபாரியிடமும் சிக்காமல் மூலப்பொருள் வாங்க, ஷரீஅத் இப்படி வாசல் திறந்து வைத்திருக்கிறது. இவற்றை நாங்கள் மதரஸாவில் பாடமாக நடத்துகிறோம். தேர்வு எழுத வைக்கிறோம். பக்கத்து ஊர்த் தறிக்கு அதைக் கொண்டு செல்வதில்லை.

ஆகவே வேண்டுகிறேன். பெண்ணைப் பெற்ற சகோதரர்களே, முதலில் சீர் என்ற பெயரில் உங்களிடம் கேட்கப்படுவதை மறுக்கத் துணியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரே, கேட்காதீர்கள். மஹர் கொடுக்க வேண்டியவர் நீங்கள். பாய் வேண்டுமானால் சில மாதங்களுக்கு முன்பே நெய்பவரிடம் நேரில் சென்று, நீளம், அகலம், நயம், நாள் அனைத்தையும் எழுதிக்கொண்டு, முழு விலையையும் கையில் கொடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, அடுத்த முறை விரிப்பு மாற்றும்போது ஒரு வரிசைக்காவது கையால் நெய்த பாயை வாங்குங்கள். அதை உலர்த்திப் பேணவும் ஒருவருக்குக் கூலி கொடுங்கள். ஜகாத் நிதி வைத்திருப்போரே, தகுதியுள்ள நெசவாளிக்கு அரிசிப் பையோடு நிறுத்தாமல், கடனடைக்கவும் தறி வாங்கவும் கொடுங்கள். கோடரிக்குக் காம்பு பொருத்துவது என்பது இதுதான். கடைக்காரச் சகோதரர்களே, விசைத்தறிப் பாயை விசைத்தறிப் பாய் என்றே சொல்லி விற்பனை செய்யுங்கள்.

தறியை விட்ட விரல்கள் திரும்பி வருவது எளிதன்று. தாயிடமிருந்து மகள் பார்த்துப் பழகும் வேலை இது; ஒரு தலைமுறை எழுந்து போய்விட்டால் அதைக் கற்பிக்க ஏடு இல்லை. அப்போது நம் பிள்ளைகள் பத்தமடைப் பாயை அருங்காட்சியகத்தில் பார்த்துப் பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமைக்காக மறுமையில் நமக்குக் கூலி கிடைக்காது. அவளுக்குக் கொடுக்காத கூலிக்காகக் கேள்வி உண்டு.

சென்ற மாதம் எங்கள் மதரஸாப் பிள்ளைகள் அமர்ந்து ஓதுவதற்கு ஆறு பாய்கள் நெய்யச் சொல்லி, அந்தப் பெண்மணியிடம் முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுத்திருக்கிறோம். ஆறு பாய்களால் ஒரு தொழில் பிழைத்துவிடாது என்பதை அறிவேன். நான் வாய் மூடியிருந்த குற்றமும் அதனால் முழுமையாகத் தீர்ந்துவிடாது.

திருமண வீட்டின் அந்த ஐநூறு ரூபாய் இன்னும் கொடுக்கப்படவில்லை. அந்தச் சகோதரர் இக்கட்டுரையைப் படிப்பார் என்று நம்புகிறேன். அவரைப் போலவே எங்கோ ஒரு தறியில், எங்கோ ஒரு பட்டறையில், எங்கோ ஒரு சூளையில் கொடுக்காமல் விட்ட தொகை ஒன்று நம் ஒவ்வொருவர் நினைவிலும் இருக்கும். அது கடன். கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோம்.

பிறர் ஹக்கைக் குறைக்காத வீடுகளாக நம் வீடுகளை வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.